ஐந்தாவது வாக்கியம்

நாலு வாக்கியம் எழுதியாகிவிட்டது. ஐந்தாவதில் பேனா நின்றது நின்றதுதான். தெய்வானை உதறிப் பார்த்தாள், மை இருந்தது, மையின்மேல் பழி போடவும் வழியில்லை. ஐம்பத்துநாலு வயசில் சீனம் படித்து என்ன செய்யப்போகிறாய், சீனனுக்குக் கணக்கு எழுதப்போகிறாயா என்று கையுறைத் தொழிற்சாலையில் கூட வேலை பார்க்கிறவர்கள் கேட்டபோது அவளும் ஏதோ சொல்லி வாயடைத்திருக்கிறாள், வாய்க்கு என்ன குறைச்சல், ஆனால் இந்தத் தாள் கேட்கிற கேள்விக்கு வாய் உதவாது. கிள்ளானில் ஒரு கடைவீட்டு மாடி, சீனர்களின் குலச் சங்கக் கூடம், ஞாயிற்றுக்கிழமை காலை. மின்விசிறி சுற்றும்போதெல்லாம் கீழே ஊதுபத்தி கொளுத்திய வாசனை படியேறி வருகிறது. பதினாறு பேர் உட்கார்ந்து எழுதுகிறார்கள், அதில் தமிழச்சி இவள் ஒருத்திதான். முன்மேசையில் ஒரு பிரம்புக்கூடை, அதில் எல்லோருடைய கைப்பேசியும். பக்கத்து மேசையில் அந்த மலாய்க்காரத் தாதி, ஆஸ்பத்திரியில் கிழவிகளோடு பேசுவதற்காகப் படிக்க வந்தவள், கோழி கிளறுகிற வேகத்தில் எழுதித் தள்ளுகிறாள். கேள்வி ஒன்றும் பெரிய கேள்வியில்லை. படிப்பையும் பரீட்சையையும் பற்றிய நாலெழுத்துச் சொலவடைகள் ஐந்து, ஒவ்வொன்றையும் வைத்து ஒரு வாக்கியம் எழுது, சொலவடையின் அர்த்தம் முழுசாக அதில் வரவேண்டும், அவ்வளவுதான். நம்மவர்கள் ஒருநாள் முழுக்கப் புலம்புகிற சமாச்சாரத்தைச் சீனர்கள் நாலே எழுத்தில் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள். முதலாவது, குளிர்ந்த ஜன்னலோரம் பத்து வருஷம்: ஏழைப்பிள்ளை கஷ்டப்பட்டுப் படிப்பது. இரண்டாவது, தங்கப் பலகையில் பேர் வருவது: தேறுவது. மூன்றாவது, கடைசி நேரத்தில் புத்தர் காலைக் கட்டிக்கொள்வது. அதற்கு அவள் எழுதியது, என் வீட்டுக்காரர் சோதனைக்கு முதல் நாள் மட்டும் கோவிலுக்குப் போனார், என்று. பொய்தான், அந்த மனுசன் எந்தச் சோதனையும் எழுதியதில்லை, எழுதாமலே போய்ச் சேர்ந்தும் விட்டார், மூன்று வருஷமாகிறது. நாலாவது அவளுக்கு ரொம்பப் பிடித்தது. மிங் லுவோ சுன் ஷான்: தேறாமல் போவது. ஒருத்தன் பக்கத்து வீட்டுப் பையனோடு பரீட்சைக்குப் போனானாம், பட்டியலில் கடைசிப் பேர் இவனுடையது, ஊருக்குத் திரும்பியதும் அந்தப் பையனின் தகப்பன் ஓடிவந்து என் மகன் என்னானான் என்று கேட்டானாம், இவன் சொன்னானாம், கடைசிப் பேர் என்னுது, உங்க பிள்ளை பேர் எனக்கு அப்புறம் இருக்கு. எவ்வளவு பதமாகச் சொல்லியிருக்கிறான். நம் வாயில் வருமா அது? போச்சு, எல்லாம் போச்சு, உன்னைப் பெத்த வயித்துல பிரண்டையை வச்சுக் கட்ட, என்றுதான் வரும்.

ஐந்தாவதைத் திரும்பப் பார்த்தாள். சுவான் லியாங் ச்சி கூ. பார்க்காமல் இருந்தால் மாறிவிடுமா என்று ஜன்னலைப் பார்த்துவிட்டு வந்து மறுபடியும் பார்த்தாள், அதே நாலு எழுத்து அங்கேயேதான் உட்கார்ந்திருந்தது. கூரை உத்தரத்தில் தொங்கவிடு, தொடையில் குத்து. இரண்டு ஆட்களின் கதை இது. ஒருத்தன் படிக்கும்போது தூக்கம் வராமலிருக்கக் குடுமியைக் கயிறு போட்டு உத்தரத்தில் கட்டிக்கொண்டான், தலை சாய்ந்தால் இழுக்கும். இன்னொருத்தன் தூக்கம் வரும்போதெல்லாம் ஊசியால் தன் தொடையிலேயே குத்திக்கொண்டான், ரத்தம் பாதம்வரை ஓடியதாம். இரண்டு பேரும் பெரிய ஆளானார்கள். இந்தக் கதையை இந்த லாவ்ஷி சொல்லித்தான் தெய்வானைக்குத் தெரியும் என்றில்லை, லாவ்ஷி என்றால் டீச்சர், வகுப்பெடுக்கிற இந்தச் சின்னப் பெண்ணையும் அப்படித்தான் கூப்பிட வேண்டும், பதினைந்து வருஷத்துக்கு முன்னாலேயே தெரியும், இவள் குடியிருக்கிற பிளாட்டில் நாலாவது மாடி லிம் டீச்சர் சொன்னது. மகள் புவனிதாவை டியூஷனுக்குக் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவரும்போது லிம் டீச்சர் வீட்டுச் சுவரில் சிவப்புக் காகிதத்தில் நாலு நாலு எழுத்தாக ஒட்டியிருக்கும், அது என்ன, இது என்ன என்று இவள் கேட்பாள், அந்த அம்மாள் பாதி மலாயும் பாதி கைச்சாடையுமாகச் சொல்லும். சுவரில் ஓட்டை போட்டுப் பக்கத்து வீட்டு வெளிச்சத்தில் படித்தவன், மின்மினிப் பூச்சியைப் பையில் பிடித்துவைத்துப் படித்தவன், பனி வெளிச்சத்தில் படித்தவன். தெய்வானை வாயைப் பிளந்து கேட்டாள். அடேயப்பா, இதனால்தான் இந்த ஜனங்கள் இப்படி முன்னேறியிருக்கிறார்கள், ரகசியத்தைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்கள், நமக்குத்தான் வாசிக்கத் தெரியவில்லை என்று நினைத்தாள். சமையல் குறிப்பு கேட்டுக்கொள்கிற மாதிரி கேட்டுக்கொண்டாள், எவ்வளவு போடுவது, எப்போது இறக்குவது. வீட்டில் வெளிச்சத்துக்குக் குறைவில்லை, அதனால் சுவரில் ஓட்டை வேண்டாம். மின்மினிக்குக் கோலசிலாங்கூர் போகவேண்டும், பனி ஐஸ்பெட்டியில்தான் இருக்கிறது. முடி இருந்தது. புவனிதாவுக்கு இடுப்புவரை இருந்தது.

ஆறாம் ஆண்டு அவள் அப்போது. காலையில் சீனப்பள்ளி, மத்தியானம் வந்து சாப்பிட்டதும் கண்ணைச் சுழற்றும், பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்குச் சுழற்றாதா, மூன்று மணி வெயில், ஏழாவது மாடி பிளாட், தகரமாகக் காய்கிற சுவர். இவளுக்கு அது புரியவில்லை என்று சொல்லமுடியாது, புரிந்தது, புரிந்தும் செய்தாள், அதுதான் நெஞ்சை அறுக்கிறது. பின்னலின் நுனியில் பள்ளிக்கூட ரிப்பனைச் சேர்த்து முடிந்து ஜன்னல் கம்பியில் கட்டினாள். உட்கார்ந்து எழுதலாம், குனிந்தால் இழுக்கும். முதல் நாள் புவனிதா சிரித்தாள், அம்மா விளையாடுகிறாள் என்று நினைத்தாளோ என்னவோ. இரண்டாம் நாள் சிரிக்கவில்லை. எத்தனை நாள் என்று கணக்குப் பார்த்தால் இரண்டு மாசத்துக்குக் கிட்டே வரும். அவள் அப்பா ஒருநாள் துறைமுகத்தில் லோரியை விட்டுவிட்டுச் சீக்கிரம் வந்தவர் பார்த்துவிட்டார், மாட்டைத்தான்டி இப்படிக் கட்டுவாங்க என்றார். உங்களுக்கு என்ன தெரியும், லோரி ஓட்டுறீங்க, உங்க மகளையும் ஓட்டச் சொல்றீங்களா என்று இவள் பாய்ந்தாள், மனுசன் அவிழ்த்துவிடப்போன கையை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். அன்றைக்கு அவர் அவிழ்த்திருக்கலாம். ஓர் அறை விட்டிருந்தாலும் இன்று அவரை நினைத்துக் கும்பிட்டிருப்பாள். ஏன் அப்படி ஒரு வெறி? தமிழ்ப்பள்ளியில் ஆறோடு நின்றவள் இவள். தொழிற்சாலையில் கையுறையில் தண்ணீரை ஊற்றித் தொங்கவிட்டு ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிற வேலை, மேற்பார்வையாளர்கள் இவளை நடுவில் நிறுத்திவைத்துக்கொண்டே தங்களுக்குள் சீனத்தில் பேசிச் சிரிப்பார்கள், இவளைப் பற்றியா ஓட்டையைப் பற்றியா என்று தெரியாது, கம்பம் மாதிரி நிற்கவேண்டும். என் மகள் அப்படி நிற்கக்கூடாது. அதில் தப்பு என்ன? தப்பு இல்லை. புவனிதா ஏழு ‘ஏ’ எடுத்தாள், பள்ளியில் படத்தை மாட்டினார்கள், மற்ற பிள்ளைகளெல்லாம் சீனப்பிள்ளைகள், நடுவில் இவள் ஒருத்தி. பலித்துவிட்டது, அதுதான் கேடு. பலிக்காமல் போயிருந்தால் அன்றைக்கே தலையில் அடித்துக்கொண்டு அழுதிருப்பாள், பலித்ததனால் பத்துப் பதினைந்து வருஷம் நிமிர்ந்து நடந்தாள். ரிசல்ட் வந்த அன்று ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு லிம் டீச்சர் வீட்டுக்குப் போய், நீங்க சொன்னபடி கட்டினேன் டீச்சர், ஜன்னல்ல கட்டினேன், என்று பெருமையாகச் சொன்னாள். அந்த அம்மாள் பழத்தை வாங்கிய கை அப்படியே நின்றது. “அது சும்மா சொல்றது, யாராச்சும் செய்வாங்களா?” என்றது. உள்ளே அந்தம்மாளின் மகள், இதே சோதனை எழுதியவள், சோபாவில் காலை நீட்டிக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்களெல்லாம் அதைப் பிள்ளைகளை வம்புக்கு இழுக்கத்தான் சொல்வோம் என்று லிம் டீச்சர் ஏதோ இழுத்தது. தெய்வானை சிரித்து மழுப்பிவிட்டுப் படியேறினாள். அடுத்த வாரம் புவனிதா கடைத்தெருவுக்குத் தனியாகப் போய் முடியைக் காதுவரை வெட்டிக்கொண்டு வந்தாள், இடைநிலைப்பள்ளிச் சட்டம்மா என்றாள், இவளும் நம்பினாள். பள்ளி முடிந்தது, தைவானில் படிப்பு முடிந்தது, அங்கேயே வேலையும் ஆகிவிட்டது, முடி இன்னும் காதைத் தாண்டவில்லை.

சுவரில் கடிகாரம் பதினொன்று பத்து. இன்னும் இருபது நிமிஷம். தாதி தாளைத் திருப்பிவிட்டாள். தெய்வானை தண்ணீர்ப் போத்தலை எடுத்து மூடியைத் திறந்து குடிக்காமலே மூடினாள். எழுதிவிட்டுப் போயேன், என்ன இருக்கிறது இதில். ஒரு மாணவன் நன்றாகப் படித்தான், அவன் முடியைக் கட்டிக்கொண்டான், தொடையில் குத்திக்கொண்டான். யாரோ ஒரு மாணவன், உனக்கென்ன வந்தது. ஆனால் இந்தக் கைக்கு யாரோ ஒரு மாணவன் வரமாட்டான். வீட்டுக்காரர் இறந்த பிறகு அலமாரியைக் காலிபண்ணும்போதுதான் புவனிதாவின் நோட்டுகள் கிடைத்தன, சோதனைக்காகச் சொலவடை ஒன்றுக்குப் பத்துத் தடவை ஒரே வாக்கியத்தை எழுதிய நோட்டுகள், லிம் டீச்சர் கொடுத்த வீட்டுப்பாடம், பார்த்துக் கையெழுத்துப் போடுவது வீட்டார் வேலை. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சிவப்பில் ஒரு சரி போட்டு இவளுடைய கையெழுத்து இருந்தது. வாசிக்கத் தெரியாது, பத்து வரி இருக்கிறதா என்று விரலால் எண்ணிப் பார்த்துச் சரி போட்டிருக்கிறாள். அவள் குழந்தையாக என்ன எழுதினாள் என்று பார்க்கவேண்டும்போல ஓர் ஆசை, சும்மா ஆசைதான், அதற்குத்தான் இந்த வகுப்புக்கு வந்தது. ஒரு வருஷத்தில் ‘என் அம்மா’ தெரிந்தது. அதை முதன்முதலாக நோட்டில் கண்டுபிடித்தபோது என்ன சந்தோஷம், எத்தனை இடத்தில் வருகிறது என்று தேடித் தேடிப் பார்த்தாள், என் அம்மா, என் அம்மா. அப்புறம் ‘முடி’ தெரிந்தது. ‘ஜன்னல்’ தெரிந்தது. ஆஸ்பத்திரிப் பாடத்தில் ‘ஊசி’ வந்தது. மிச்சம் ஓர் எழுத்தைத் தனியாகத் தாளில் வரைந்து லாவ்ஷியிடம் காட்டினாள், அந்தப் பெண் தன் தொடையைத் தட்டிக் காட்டியது. வீட்டுக்கு வந்து எழுத்தையெல்லாம் கோத்துப் பார்த்தால், என் அம்மா என் முடியை ஜன்னலில் கட்டுகிறார், ஊசியால் என் தொடையில் குத்துகிறார், அதனால் நான் தூங்குவதில்லை. அதற்கு அடியில் அதே வாக்கியம். அதற்கும் அடியில் அதே. பத்துத் தடவை. அடியில் சிவப்புச் சரி, பாவி, கொட்டை எழுத்தில் இவள் கையெழுத்து.

குத்தினாளா? கட்டியது நிசம், அதை யாரும் மறுக்கப்போவதில்லை. குத்தவில்லை. இவள் எங்கே குத்தினாள், பெற்ற பிள்ளையை ஊசியால் குத்துவாளா ஒருத்தி, ராட்சசியா இவள். அந்தச் சொலவடையில் இரண்டு பாதி இருக்கிறது, கட்டுவது ஒரு பாதி, குத்துவது ஒரு பாதி, அர்த்தம் முழுசாக வரவேண்டும் என்று லிம் டீச்சரும் சொல்லியிருப்பாள், கெட்டிக்காரப் பிள்ளை, இல்லாததையும் சேர்த்து எழுதியிருக்கும், மார்க்குக்காக. அப்படித்தான் இருக்கும். அப்படித்தான் என்று முடிவு கட்டிவிட்டு இவள் கண்ணை மூடினால் அந்த மத்தியானம் வருகிறது. ஒரு மத்தியானம் மட்டும். ரிப்பன் நெகிழ்ந்துபோய்ப் பிள்ளை மேசையில் தலைவைத்துத் தூங்கிவிட்டிருக்கிறது, வாயோரம் எச்சில் நோட்டில் ஒழுகியிருக்கிறது, இவள் சமையற்கட்டிலிருந்து வருகிறாள், கை தன்னால் தாலிக்கொடிக்குப் போகிறது, அதில் கோத்திருந்த ஊக்குகளில் ஒன்றை எடுக்கிறது, விரிக்கிறது. பிள்ளையின் நீலக் கவுன் முட்டிக்கு மேல் ஏறியிருந்தது நினைவிருக்கிறது. ஊக்கின் முனை வெயிலில் பளபளத்தது நினைவிருக்கிறது. அப்புறம் குக்கர் விசில். விசில் வந்தது, இவள் அடுப்பை அணைத்தாள், பருப்பு, முருங்கைக்காய், எல்லாம் நினைவிருக்கிறது. நடுவில் என்ன? குத்திவிட்டு அணைத்தாளா, குத்தாமல் அணைத்தாளா? ஊக்கைத் திரும்பக் கோத்தாளா? நடுவில் ஒன்றும் இல்லை. மறுபடியும் முதலிலிருந்து போனாள், எச்சில், தாலிக்கொடி, ஊக்கு, நீலக் கவுன், பளபளப்பு, விசில். அடித்தவள் மறந்துபோவாள், பட்டவள் மறக்கமாட்டாள் என்பார்கள். ஒரு கையுறையில் ஓட்டை இருக்கிறதா இல்லையா என்று இரண்டு நிமிஷத்தில் சொல்லிவிடுகிறவள், இருபது வருஷமாக அதையே செய்கிறவள், தன் கை என்ன செய்தது என்று சொல்லத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறாள், கேவலம்.

கேட்டால் தெரிந்துபோகும். கேட்கவேண்டிய ஆள் உயிரோடு இருக்கிறாள், ஞாயிறுதோறும் சாயங்காலம் கூப்பிடுகிறாள், சாப்பிட்டியாம்மா, மருந்து போட்டியாம்மா, இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம். நோட்டை வாசித்து எட்டு மாசமாகிறது. எட்டு மாசத்தில் முப்பது ஞாயிறாவது வந்துபோயிருக்கும். ஒவ்வொரு தடவையும் இன்றைக்குக் கேட்டுவிடுவது என்று நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காருவாள், தொண்டைவரைக்கும் வரும், அங்கே மழையா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். சீனம் படிக்கிற விஷயத்தையே சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்பாள். கேட்காதவரைக்கும் குத்தாதவளாகவே இருக்கலாம், அந்த ஆசைதான், வேறென்ன. இல்லம்மா, நான் சும்மா எழுதினேன் என்று சொல்லிவிட்டால்? அந்த நாலாவது கதைக்காரன் மாதிரி நோகாமல் ஏதாவது சொல்லிவிட்டால்? அதையும் இவளால் நம்பமுடியாது. ஆமா என்று சொல்லிவிட்டால் அப்புறம் இந்தக் கையை வைத்துக்கொண்டு எப்படிச் சோறு பிசைந்து சாப்பிடுவது. பயம்தான். பிள்ளையின் தூக்கத்துக்குப் பயப்படாதவளுக்கு இப்போது அதன் வாய்க்குப் பயம்.

லாவ்ஷி கைதட்டி ஐந்து நிமிஷம் என்று சொன்னாள். தெய்வானை பேனாவை ஊன்றினாள். நான், என்று எழுதினாள். யாரோ ஒரு மாணவன் இல்லை, நான். நான் என் மகளின் முடியை ஜன்னலில் கட்டினேன். கோடுகள் கோணலாக விழுந்தன, ‘முடி’ எழுத்து கட்டத்தை விட்டு வெளியே போனது, போகட்டும். ஒரு காற்புள்ளி வைத்தாள். அந்தக் காற்புள்ளிக்குப் பக்கத்திலேயே பேனாமுனை நின்று ஒரு பொட்டு ஊறியது. குத்தினேன் என்று எழுதினால் மார்க் வரும், குத்தவில்லை என்று எழுதினாலும் இலக்கணப்படி சரியாகத்தான் இருக்கும், இரண்டுக்கும் அவளுக்கு எழுத்துத் தெரியும். எது நிசம் என்றுதான் தெரியவில்லை. எல்லோரும் எழுந்துவிட்டார்கள். லாவ்ஷி வந்து தாளை எடுத்தாள், காதுவரை வெட்டிய முடி, புவனிதாவின் வயசுதான் இருக்கும். வாசித்தாள். முகத்தில் ஏதோ வந்து போயிற்று, ஆனால் டீச்சர் டீச்சர்தானே, வாக்கியம் பாதியில் நிற்கிறது ஆண்ட்டி, இரண்டாவது பாதியும் வேண்டும், இன்னும் ஒரு நிமிஷம் தருகிறேன், எழுதுங்கள் என்றாள்.

“மீதி எனக்குத் தெரியாது,” என்றாள் தெய்வானை. “தெரிஞ்சவகிட்ட கேக்கணும்.”

சோதனையில் கேட்டு எழுதக்கூடாதே என்று அந்தப் பெண் சிரித்தது. தெய்வானை சரி, மார்க் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கூடையிலிருந்து தன் கைப்பேசியை எடுத்தாள். மாடிப்படியில் பாதி இறங்கி, அங்கேயே சுவரில் சாய்ந்து நின்று எண்ணை அழுத்தினாள். சாயங்காலம்வரை பொறுத்தால் மழையைப் பற்றித்தான் கேட்பாள், அவளுக்குத் தன்னைத் தெரியும். மணி ஐந்தாறு தடவை அடித்தது. எடுக்காமல் இருந்தால் நல்லது என்று ஒரு நினைப்பு வந்த நேரத்தில் புவனிதா எடுத்துவிட்டாள். என்னம்மா இந்நேரத்துல, உடம்பு சரியில்லையா, யாருக்கு என்ன என்று பதறினாள். யாருக்கும் ஒன்றும் இல்லை என்றாள் இவள். சீனம் படிக்கிறேன் என்றாள், இரண்டு வருஷமாகப் படிக்கிறேன், சொல்லவில்லை என்றாள். அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு வந்தது, நெசமாவா, எதுக்கும்மா என்று கேட்டது, நல்ல சிரிப்பு, அதை அப்படியே விட்டுவிட்டு வைத்துவிடலாம்போல இருந்தது. தெய்வானை விடவில்லை. உன்னோட ஆறாம் ஆண்டு நோட்டை வாசிச்சுட்டேன், ஜன்னல்ல கட்டினேனே, அந்தப் பாடத்தை, என்றாள். சிரிப்பு நின்றது. 

“வலிச்சுதாடி உனக்கு?”

“எதும்மா?” என்றாள் புவனிதா. குரலில் கோபம் இல்லை. “முடியா, ஊக்கா?”

நோட்டில் ஊசி என்றுதான் இருந்தது. ஊக்கு என்று அதில் எங்கேயும் இல்லை, இவளும் வாயைத் திறந்து யாரிடமும் சொன்னதில்லை. தெய்வானை படியில் உட்கார்ந்தாள். சோதனை எழுதிவிட்டு இறங்கினவர்கள் ஒவ்வொருவராக ஒதுங்கிப் போனார்கள், தாதி தோளைத் தொட்டு என்ன என்று கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள். அம்மா, இருக்கியா, என்று தைவானிலிருந்து இரண்டு தடவை கேட்டது.

“இருக்கேன்,” என்றாள். “ரெண்டையும் சொல்லு.”